அறிவனார்

முன்கோபிகளை உங்களுக்குத் தெரியும். முன்ஜாக்கிரதைக்காரர்களையும் தெரியும், வெயில் கொளுத்தும் நாளெல்லாம் குடையைச் சுமந்து திரிந்துவிட்டு, மழை பெய்யும் அன்றைக்கு மட்டும் அதைப் பத்திரமாக வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. முன்முடிவுக்காரர்கள். இவர்களோடு நீங்கள் தினமும் பேசுகிறீர்கள். பேசுவதாக நினைத்துக்கொள்கிறீர்கள் என்பதுதான் சரி. நீங்கள் முதல் வாக்கியத்தின் பாதியில் இருக்கும்போதே அவர் "புரிஞ்சுது, புரிஞ்சுது" என்று தலையாட்டி, உங்கள் பிரச்சினை என்ன, அதற்கு யார் காரணம், நீங்கள் என்ன செய்திருக்க வேண்டும், ஏன் செய்யவில்லை, இனிமேலும் ஏன் செய்யமாட்டீர்கள் என்பதுவரை சொல்லி முடித்து, நீங்கள் போட்டுக் கொடுத்த டீயையும் குடித்து முடித்திருப்பார். நீங்கள் அந்தப் பாதி வாக்கியத்தோடு வாசலில் நிற்பீர்கள்.

இவரைப் புரிந்துகொள்ள உங்கள் பள்ளிக்கூட அறிவியல் நோட்டை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். அதில் மூன்று கட்டம் போடச் சொல்வார்கள். சோதனை, காண்பன, அறிவன. நீல லிட்மஸ் தாளைக் கரைசலில் நனைக்கிறேன் என்பது சோதனை. தாள் சிவப்பாகிறது என்பது காண்பன. ஆகவே இது அமிலம் என்பது அறிவன. எவ்வளவு அழகான ஒழுங்கு, பாருங்கள். முதலில் செய், பிறகு பார், அதற்கும் பிறகு வாயைத் திற. இந்த மூன்று கட்டத்தை மனிதர்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் பாதிக் குடும்பச் சண்டையும் முக்கால்வாசி அலுவலகக் கூட்டமும் நடந்தே இருக்காது.

நம்மவர் என்ன செய்வார்? நோட்டைத் திறந்ததும் நேராக மூன்றாவது கட்டத்துக்குப் போவார். 'இது அமிலம்' என்று எழுதிவிடுவார். பிறகு அதற்குப் பொருத்தமாக இரண்டாவது கட்டத்தை நிரப்புவார். முதல் கட்டத்தை நேரம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். லிட்மஸ் தாள் கடைசிவரை டப்பாவிலேயே கிடக்கும்.

இந்த இனம் எல்லாத் தொழிலிலும் உண்டு. வண்டியைத் தூரத்தில் பார்த்ததுமே "இன்ஜின் போச்சு" என்கிற மெக்கானிக், விண்ணப்பம் கொடுக்க வந்தவர் வாயைத் திறக்குமுன் "அதெல்லாம் முடியாது" என்கிற அதிகாரி, புது மருமகள் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் அவளுடைய குணத்தைத் தெரு முழுவதும் சொல்லிவிடுகிற மாமியார், எல்லாரும் ஒரே வம்சம். "இதுல பார்க்க என்ன இருக்கு" என்பது இவர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வசனம். சொன்னது தப்பாகிப்போனால் "அது வேற, இது வேற" என்பார்கள். தற்செயலாகப் பலித்துவிட்டாலோ, "நான் அப்பவே சொன்னேன்" என்பதைச் சாகும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஆனாலும் இந்த இனத்தில் சுத்தமான சரக்கைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் என் அக்கா வீட்டுக்குத்தான் வர வேண்டும். அக்கா புருஷன், அதாவது என் அத்தான், பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர். அதே பள்ளிக்கூடத்தில் நான் வரலாறு நடத்துகிறேன். எந்தச் சண்டையில் யார் ஜெயித்தார் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது என் தொழிலில் குற்றமில்லை. அவர் தொழிலில் குற்றம். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் அறிவனார். பழைய புலவர் ஒருவரின் பெயர் போல இருப்பதால் அத்தானுக்கு இதில் பெருமைதான். மரியாதையில்தான் வைத்திருக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. யாரையும் கேட்டுப் பார்த்ததில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது?

அவருடைய ஆய்வகத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அமிலம் பட்டுப் பட்டுப் பொத்தலான மேசைகள், என்ன திருகினாலும் சொட்டுவதை நிறுத்தாத குழாய், உடைந்த சோதனைக் குழாய்களைப் போட ஒரு வாளி, இவ்வளவுதான் அறை. ஆனால் "என் லேப்ல இதுவரைக்கும் ஒரு சோதனைகூடத் தோத்ததில்லை" என்று அவர் நெஞ்சைத் தட்டிச் சொல்வது உண்மை. எப்படித் தோற்கும்? பிள்ளைகள் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைக்குமுன்பே கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் அறிவன எழுதியாகிவிடும். ஊசலின் அலைவுநேரம் புத்தகத்தில் உள்ள கணக்குக்கு வரவில்லையென்றால், அது வழிக்கு வரும்வரை மறுபடி மறுபடி எண்ணச் சொல்லுவார். அயோடின் பாட்டில் பழசாகி, மாவுக் கரைசலில் ஊற்றினால் நிறமே மாறாது. "மாறிடுச்சு, நீலக் கறுப்புன்னு எழுதிக்கோ" என்பார். கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்தால் உள்ளே மெழுகுவர்த்தி அணைய வேண்டும் அல்லவா? குடுவையின் விளிம்பு உடைந்திருந்ததால் ஒருநாள் அது அணையாமல் குஷாலாக எரிந்துகொண்டிருந்தது. அத்தான் குடுவையைத் தூக்கி, தானே ஊதி அணைத்துவிட்டு, "ஆக்ஸிஜன் தீர்ந்துபோனதால் அணைந்தது" என்று அறிவித்தார். வகுப்பு அப்படியே எழுதிக்கொண்டது.

வீட்டிலும் இதே கதைதான். சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு கிடக்கும்போது கூப்பிட்டால், தாம் நிலை ஆற்றலைச் சேமித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லுவார். இயக்க ஆற்றல் முழுவதும் அக்காவின் பொறுப்பு. சமையலறையில் மிக்ஸி ஓடவில்லை என்று அவள் கத்தினால், எழுந்து வராமலே மோட்டார் எரிந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லுவார். ஒரு தடவை புது மிக்ஸியே வாங்கி வந்துவிட்டார். அதுவும் ஓடவில்லை. சுவரில் சுவிட்சைப் போட்டதும் இரண்டும் ஓடின. "அது வேற, இது வேற" என்றார்.

இதையெல்லாம் நாங்கள் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு உடம்பு முடியாமல் போகிறவரை சிரிப்பாகத்தான் இருந்தது.

முதலில் சோர்வு என்றாள். காய்கறிப் பையோடு மாடிப்படி ஏறுகிறவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டு, பையிலிருந்து ஒவ்வொரு தக்காளியாக எடுத்துப் பார்க்கிற மாதிரி பாசாங்கு செய்தாள். பிறகு தலைசுற்றல் என்றாள். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். தலைசுற்றல் என்ற சொல்லைப் படித்ததும் உங்களில் சிலர் முகம் மலர்ந்து ஓர் இடத்துக்குப் போய்விட்டீர்கள், எனக்குத் தெரியும். திரும்பி வாருங்கள். அக்காவுக்கு நாற்பத்தாறு வயது, அவள் மகன் வெளியூரில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் கட்டியை எடுத்து வாயில் போட்டுக் கடக்முடக்கென்று கடிப்பாள். ஒன்று முடிந்ததும் அடுத்தது. அந்தச் சத்தம் கூடம்வரை கேட்கும். எல்லாரும் கேட்டோம். ஐஸ் தட்டில் தண்ணீர் நிரப்பி வைக்க மறந்துவிடுகிறாள் என்று சண்டைகூடப் போட்டோம்.

அத்தானின் தீர்ப்பு அன்றைக்கே வந்துவிட்டது. ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாற்றத்தான் முடியும். இவள் சாப்பிடுவது அதே சாப்பாடு, செய்வது அதே வேலை. அப்படியானால் சோர்வு எங்கிருந்து வரும்? மனசிலிருந்துதான் வர முடியும். மருந்து, காலை நடை. அக்கா நடந்தாள். காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், இன்னும் கொஞ்ச தூரம் போ என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போனவளை எதிர் வீட்டுக்காரர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். பார்த்தாயா, இதுவரைக்கும் நடக்காமலே இருந்ததன் பலன் என்றார். சோதனை எப்படிப் போனாலும் அவர் எழுதி வைத்த அறிவன அசையவே இல்லை.

அவர் மட்டுமா? பக்கத்து வீட்டம்மா, ராத்திரியெல்லாம் ஃபோன் பார்ப்பதால் வருவது என்றார். தெருமுனை டாக்டர் அவள் நாற்காலியில் உட்காருமுன்பே டானிக் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். நான் என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். இப்படி ஓர் ஆளைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் மாரடித்தால் எவளுக்கும் தலை சுற்றத்தான் செய்யும் என்பது என் கட்சி. அக்காவும் தன் பங்குக்கு ஒரு முடிவு வைத்திருந்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போது அறிவியல் வகுப்பில் செல் பாடம் வந்தது.

பள்ளியில் வேலை செய்கிற நுண்ணோக்கி ஒன்றே ஒன்றுதான். ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், அன்று காலையில் அத்தான் பொறுப்பாகத்தான் ஆரம்பித்தார். வெங்காயத்தின் உள்பக்கத் தோலை இடுக்கியால் கிழியாமல் உரித்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் சுருக்கமில்லாமல் விரித்து, புதிதாக வாங்கிய அயோடினில் ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய கண்ணாடி மூடியை வைத்து, ஓரத்தில் கசிந்ததை வடிதாளால் ஒற்றி எடுத்து முடித்தார். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். மேசையில் வைத்துவிட்டுப் போனால் எவனாவது நிச்சயம் உடைப்பான் என்று முடிவு செய்து, அதை வடிதாளிலேயே சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். போன இடத்தில் பேச்சு நீண்டது. மணி அடித்து வெகுநேரம் கழித்து வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தவர், வந்த வேகத்தில் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொன்னார். நுண்ணோக்கியில் எப்போதும் செருகியே கிடக்கும் ஒரு வெறும் கண்ணாடித் துண்டு, அன்றும் தன் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. வெங்காயத் தோல் சட்டைப் பையில் இருந்தது.

குனிந்து ஒருமுறை பார்த்திருக்க மாட்டாரா என்கிறீர்களா? எதற்குப் பார்க்க வேண்டும்? வெங்காயத் தோலில் என்ன தெரியும் என்று அவருக்குத் தெரியாதா?

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணால் குனிந்து பார்த்தார்கள். செல் சுவர் தெரிகிறதா என்று அத்தான் கேட்டார். தெரிகிறது என்றார்கள். உட்கரு தெரிகிறதா? அதுவும் தெரிந்தது. ஒருவனுக்கு ஒரே செல்லில் இரண்டு உட்கரு தெரிந்தது. இன்னொருவன் உள்ளே என்னவோ நகர்கிறது என்று வரிசையில் பின்னால் நிற்பவர்களிடம் சொல்லி ஆவலைக் கிளப்பிவிட்டான். புத்தகத்தில் அந்தப் படம் ஊதா நிறத்தில் அச்சாகியிருந்ததால் பாதிப் பேருக்கு ஊதாவாகவே தெரிந்தது. தடித்த கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண் மட்டும் நிமிராமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வெள்ளையா ஒரு வட்டம்தான் சார் தெரியுது."

நன்றாகப் பார்க்கச் சொன்னார். நன்றாகத்தான் பார்த்தாளாம். தன் இமை முடிகூடத் தெரிகிறதாம். வகுப்பே சிரித்தது. பார்க்கத் தெரியாதவர்கள் மற்றவர்கள் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று அவளை உட்கார வைத்தார். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. நோட்டில் ஒரு வெறும் வட்டம் போட்டு, ஓரத்தில் இரண்டு வளைந்த கோடு போட்டு, அதற்கு அம்புக்குறியிட்டு 'என் இமை முடி' என்று குறித்துவிட்டாள். அதற்குப் பூஜ்யம் விழுந்தது. அடுத்த மணி வரலாறு. முகம் வீங்க உட்கார்ந்திருந்தவளைக் கேட்டுத்தான் வகுப்பில் நடந்தது எனக்குத் தெரியும், அன்று சாயங்காலமே அக்காவிடமும் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை காலை நான் அக்கா வீட்டில் இருந்தேன். சாப்பாட்டு மேசையில் செய்முறை நோட்டுகளை மலை போலக் குவித்து வைத்துக்கொண்டு அத்தான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். ஒரு டிக், ஒரு 'நன்று', அடுத்த நோட்டு. செங்கல் அடுக்கினாற்போல வரிசை வரிசையாகச் செல்கள் போய்க்கொண்டிருந்தன. அக்கா பின்கட்டில் துணிகளை மெஷினில் போட்டுக்கொண்டிருந்தாள். சட்டைப் பைகளைத் துழாவாமல் அவள் எதையும் போடமாட்டாள். பிறகு சுவரைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்தாள். ஒரு கையில், பை முழுவதும் பழுப்புக் கறை பிடித்த சட்டை. இன்னொரு கையில் காய்ந்துபோன வடிதாள். மேசையருகே நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடிந்த பிறகு அதைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"இது என்னங்க?"

"வெங்காயத் தோல் ஸ்லைடு" என்றார் தலைநிமிராமல்.

"எப்போ உள்ளது?"

"வியாழக்கிழமை, செல் பாடத்துக்கு..." அதோடு நின்றார். போட்டுக்கொண்டிருந்த டிக்கும் பாதியில் நின்றது.

கண்ணாடித் துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். அடுத்த நோட்டைத் திறந்தார். அதற்கடுத்ததையும் திறந்தார். எல்லாவற்றிலும் செல். எல்லாவற்றிலும் உட்கரு. எல்லாவற்றிலும் அவர் கையெழுத்தில் 'நன்று'. கடைசியில் வெறும் வட்டம் போட்ட பக்கம் வந்தது. அவர் போட்ட பூஜ்யமும் அந்தப் பெண் போட்ட வட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

நியாயமாக ஒரு மனிதன் இந்த இடத்தில் வாயடைத்துப் போக வேண்டும். ஆனால் அந்த இனத்தை நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். மெல்லத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பிள்ளைகள் வரைந்தது ஒன்றும் பொய்யில்லையே என்று ஆரம்பித்தார். வெங்காயத்தில் செல் இல்லையா? அதில் உட்கரு இல்லையா? முடிவு சரியாக இருக்கும்போது இடையில் ஒரு கண்ணாடித் துண்டு மாறிப்போனதைப் பெரிதுபடுத்த வேண்டுமா? எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவள் சண்டை போடுகிற குரலில் பேசவில்லை. சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை.

"அந்தப் பொண்ணு பார்த்ததைச் சொன்னா. நீங்க பூஜ்யம் போட்டீங்க. நானும் நாலு மாசமாச் சொல்லிட்டு இருக்கேன். எனக்கு என்ன போட்டீங்க?"

அத்தான் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"ஒரு தடவை என்னைப் பாருங்க. ஒண்ணும் சொல்ல வேண்டாம். பாருங்க, போதும்."

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எத்தனை முறை பார்த்திருப்பார் என்று நமக்குத் தோன்றும். பிள்ளைகள் நுண்ணோக்கியில் பார்த்த மாதிரிதான் பார்த்திருப்பார். இப்போது புதுப் பாடத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கிற பையனைப் போல ஒவ்வொன்றாகச் சொன்னார். உதடு வெளுத்திருக்கிறது. அவள் கையை எடுத்துத் திருப்பினார். நகமும் வெளுத்திருக்கிறது. முகம் ஊதின மாதிரி இருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது. நான் மூன்றாவது கட்டத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

"எனக்குத் தெரியலையே" என்றார்.

அந்த ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து கேட்க நான் எவ்வளவு நாள் ஆசைப்பட்டிருக்கிறேன் தெரியுமா? கேட்டபோது துளிக்கூடச் சந்தோஷமாக இல்லை. எனக்கும் பயமாகிவிட்டது. ஆட்டோ பிடித்து ஓடினோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். அவர் பேனாவையே தொடவில்லை. அக்காவின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், என்ன செய்கிறது என்று கேட்டுவிட்டு அவள் சொல்லி முடிக்கும்வரை சும்மா இருந்தார். ஐஸ் கட்டி கடிக்கிற பழக்கம் உண்டா என்று அவர் கேட்டபோது நானும் அத்தானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ரத்தம் குறைந்தவர்களுக்கு அந்த ஆசை வருமாம். ரத்தப் பரிசோதனை அறிக்கை வந்தது. ஹீமோகுளோபின் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. டாக்டர் பொறுமையாக விளக்கினார். செல்லுக்குள் ஆற்றல் உண்டாக ஆக்ஸிஜன் வேண்டும். அதைச் சுமந்துகொண்டு போவது ரத்தத்தில் இருக்கும்...

"சிவப்பணு" என்று முடித்தார் அத்தான், யாருக்கும் கேட்காத குரலில். வருஷா வருஷம் அவரே கரும்பலகையில் எழுதிப் போடுகிற வரி அது. வண்ணச் சுண்ணக்கட்டியால் கோடுகூட இழுப்பார்.

ரத்தம் எங்கே போனது என்று டாக்டர் கேட்டார். அப்போதுதான் அக்காவின் முடிவு வெளியே வந்தது. நாலைந்து மாதமாக மாதவிலக்கில் அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருக்கிறது. இந்த வயதில் எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாளாம். சொன்னால் என்ன சொல்வார்கள் என்றும் அவளுக்கு முன்கூட்டியே தெரியுமாம், அதனால் சொல்லவில்லையாம். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி தெரிந்தது. மோசமான கட்டி இல்லை, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். ஆனால் ரத்தம் இவ்வளவு குறைந்த உடம்பில் இதயம் இரண்டு மடங்கு வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அதுவும் கைவிட்டிருக்கும் என்றார். இப்படிப்பட்டவளைத்தான் நாங்கள் காலை நடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

ரத்தம் ஏற்றினார்கள். பிறகு அறுவை சிகிச்சை. அந்த நாள் முழுவதும் அத்தான் நடைபாதையில் போவதும் வருவதுமாக இருந்தார். நிலை ஆற்றல் என்ற பேச்சே இல்லை. நர்ஸ் ஒருத்தி கதவைத் திறந்து அவரை நோக்கி வந்தபோது, அவள் வாயைத் திறக்குமுன் அவர் என்ன முடிவுக்கு வந்தாரோ தெரியாது, அங்கேயே சுவரோரமாக உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். அவள் கேட்க வந்தது, மாற்றுப் புடவை கொண்டு வந்தீர்களா என்று. நானும் அழுதேன். பழக்கம் போகவில்லையே என்று எரிச்சலும் வந்தது.

அக்கா இப்போது நன்றாக இருக்கிறாள். மாடிப்படியில் தக்காளியைப் பரிசோதிப்பதில்லை. ஐஸ் தட்டு எப்போதும் நிறைந்திருக்கிறது.

அத்தான் மாறினாரா என்று கேட்டால், மாறினார் என்றுதான் சொல்ல வேண்டும், ஒரு நாளைக்கு. மறுபடி வெங்காயத் தோல் உரித்து, இந்த முறை அதை நுண்ணோக்கியிலேயே வைத்து, அந்தத் தடித்த கண்ணாடிப் பெண்ணை முதலில் கூப்பிட்டார். கறுப்பு விளிம்போடு குண்டாக ஒரு வட்டம் தெரிகிறது என்றாள். உட்கரு என்று சொல்ல அவர் வாய் திறந்தது. மூடிக்கொண்டார். குனிந்து பார்த்தார். கண்ணாடி மூடிக்கடியில் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழி. அதையே வரையச் சொல்லி, பூஜ்யத்தை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டார். மற்றவர்களும் பார்த்துத் திரும்ப வரைய வேண்டும் என்று உத்தரவு போட்டார். வரைந்தார்கள். அதே படம், அதே ஊதா. ஒருவர்கூடக் குமிழியை வரையவில்லை.

மறுநாளிலிருந்து பழையபடிதான். முடிவு மட்டும் புதுசு. தெருவில் யார் கொட்டாவி விட்டாலும் பிடித்து நிறுத்தி, "ரத்த அணு கம்மி, இதுல பார்க்க என்ன இருக்கு" என்கிறார். பச்சைக் குழந்தையோடு தூக்கமில்லாமல் தவிக்கிற பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அதைத்தான் சொன்னார். ஆசிரியர் கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கொட்டாவி விட்டபோது, பள்ளி முழுவதற்கும் ரத்தப் பரிசோதனை நடத்த வேண்டும் என்று எழுந்து நின்று தீர்மானம் கொண்டு வந்தார். அப்போது பேசிக்கொண்டிருந்தது அவர்தான் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

சரி, உங்கள் சங்கதிக்கு வருவோம். இவ்வளவு நேரம் நன்றாகச் சிரித்தீர்கள். படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்த இரண்டு பேர் முகம் மனதில் வந்து போயிருக்கும், அவர்களுக்கு இதைக் கத்தரித்து அனுப்ப வேண்டும் என்றும் நினைத்திருப்பீர்கள். அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒன்று. உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் கொஞ்ச நாளாக ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். வலிக்கிறது என்றோ, முடியவில்லை என்றோ, வேண்டாம் என்றோ, என்னவென்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததில்லை. நீங்கள்தான் பார்க்கிற தூரத்தில் இருக்கிறீர்கள்.

"அவங்க எப்பவுமே அப்படித்தான்" என்று இப்போது மனசுக்குள் சொன்னீர்களே, அதை எந்தக் கட்டத்தில் எழுதப் போகிறீர்கள்?